எந்தத் தேதி விலை? தங்கமும் பிட்காயினும்

"பிட்காயினை எந்த அரசாங்கத்தாலும் தொட முடியாது" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வங்கியில் முப்பத்துநாலு வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்காலம் நகைக்கடன் பிரிவில். அரசாங்கம் தொட முடியாத சொத்து என்று யாராவது சொன்னால் எனக்குப் பழைய கதைகள் நினைவுக்கு வந்துவிடும். அவற்றில் சிலவற்றை இன்று சொல்கிறேன்.

முதலில் பிட்காயின் என்றால் என்ன என்று இரண்டு வரி. அது ஒரு கணக்குப் பேரேடு. அந்தப் பேரேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. எந்தக் கணக்கில் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கு யாருடையது என்பது அதில் இராது. அதிலிருந்து எடுக்க ஒரு ரகசிய எண் வேண்டும். சாவி என்கிறார்கள். சாவி யாரிடமோ, பணம் அவரிடம். பேரேட்டை அரசாங்கம் அழிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் சாவியை வைத்திருப்பவர் மனிதர்தானே? அவருக்கு வீடு உண்டு, அலமாரி உண்டு, ஜெயிலைப் பற்றிய பயமும் உண்டு.

2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பொது நூலகத்தில் ஒருவரை எஃப்.பி.ஐ. கைது செய்தது. சில்க் ரோடு என்ற பெயரில் இணையத்தில் போதை மருந்துச் சந்தை நடத்தியவர். அவருடைய மடிக்கணினி திறந்திருக்கும் நேரம் பார்த்துக் கையைப் பிடித்தார்கள். அந்தக் கணினியில் சுமார் 1,44,000 பிட்காயின் இருந்தது. 2021 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது 50,676 பிட்காயினுக்கான சாவிகள் அகப்பட்டன. கொஞ்சம் தரைக்கு அடியில் இருந்த பெட்டகத்தில். மீதி குளியலறை அலமாரியில், போர்வைக்கு அடியில், ஒரு பாப்கார்ன் டப்பாவுக்குள்! நம் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் காசு ஒளித்த கதைதான்.

இவை குற்றத்தில் வந்த பணம். பறித்ததில் தவறில்லை என்பீர்கள். நானும் அப்படியே சொல்வேன். என் கவலை வேறு. பறிக்கத் தெரிந்த கை குற்றவாளி வீட்டோடு நிற்குமா? நின்றதா? இதற்குச் சரித்திரம்தான் பதில் சொல்ல வேண்டும்.

1933-ஆம் வருடம் அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. மக்கள் பயந்துபோய்த் தங்க நாணயத்தை வங்கியிலிருந்து எடுத்து வீட்டில் பதுக்கினார்கள். நோட்டு அடிக்க வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு தங்கம் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். தங்கம் வெளியே போகப் போகப் புழக்கத்துக்குப் பணமில்லை. இந்த நெருக்கடியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஏப்ரல் 5 அன்று ஓர் உத்தரவு போட்டார். தங்க நாணயம், தங்கக் கட்டி, தங்கப் பத்திரம் எல்லாவற்றையும் மே 1-க்குள் வங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும். அவுன்சுக்கு 20 டாலர் 67 சென்ட் கிடைக்கும். ஒப்படைக்காதவருக்குப் பத்தாயிரம் டாலர் வரை அபராதம், அல்லது பத்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆளுக்கு நூறு டாலர் மதிப்புள்ள தங்க நாணயமும், சேகரிப்பாளர்களின் அபூர்வ நாணயங்களும் விதிவிலக்கு.

இதில் யாரும் குற்றவாளி இல்லை. முந்தின நாள் வரை சட்டப்படி வைத்திருந்த பொருள், மறுநாள் வைத்திருக்கக் கூடாத பொருளாகிவிட்டது. நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் வங்கியில் 5,000 அவுன்சுக்கு மேல் தங்கக் கட்டி வைத்திருந்தார். திருப்பிக் கேட்டார், வங்கி தரவில்லை. வழக்குப் போட்டார். நிதிச் செயலர் கையெழுத்திட வேண்டிய உத்தரவில் ஜனாதிபதி கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே செல்லாது என்றார் நீதிபதி. ஆனால் தங்கத்தை எடுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அரசாங்கம் சரியான கையெழுத்தோடு புதிய உத்தரவு போட்டுக்கொண்டது. அவ்வளவுதான்.

இனிதான் முக்கியமான இடம். எல்லோரும் தங்கத்தைக் கொடுத்து ஒன்பது மாதம் ஆவதற்குள், 1934 ஜனவரி கடைசியில், அதே அரசாங்கம் தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 35 டாலர் என்று மாற்றியது. நூறு அவுன்ஸ் கொடுத்தவர் வாங்கியது 2,067 டாலர். அந்தத் தங்கம் இப்போது அரசாங்கத்தின் புத்தகத்தில் 3,500 டாலர். இப்படி எழுத்தை மாற்றியதிலேயே அரசுக்கு வந்த லாபம் சுமார் 280 கோடி டாலர். வாங்குகிறவனே விலை வைக்கிறான்; வாங்கி முடித்தபின் விலையை ஏற்றுகிறான். சந்தையில் ஒரு வியாபாரி இப்படிச் செய்தால் நாம் என்ன பெயர் சொல்வோம்?

கடன் பத்திரங்களில் "தங்கமாகத் திருப்பித் தருவோம்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்களே, அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது. 1935 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் தன் சொந்தப் பத்திரத்தின் வாக்கை மீறியது தவறுதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பத்திரம் வைத்திருந்தவர் தனக்கு நஷ்டம் என்று நிரூபிக்கவில்லை, ஆகவே தருவதற்கு ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டது. அமெரிக்கர்கள் மறுபடி சுதந்திரமாகத் தங்கம் வைத்துக்கொள்ள 1974 டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பத்தொரு வருடம்!

நம் ஊரிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சீன யுத்தம் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இனிச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நகையாக இல்லாத தங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்நியச் செலாவணி கரைகிறது, கடத்தல் பெருகுகிறது என்பது காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் நாடு முழுதும் பத்தர்கள் பிழைப்பின்றி நின்றார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. 1966-ல் அந்த 14 காரட் விதியை எடுத்துவிட்டார்கள். 1968-ல் தனிச் சட்டமே வந்தது. சாதாரணக் குடிமகன் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம் என்றாயிற்று. 1990-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. இத்தனை வருடத்தில் கடத்தல் நின்றதா என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து சினிமா வில்லன்களின் பெட்டியில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். அபூர்வமாக மாற்று மிகக் குறைந்த ஒரு சங்கிலியோ வளையலோ வரும். உரைகல்லில் உரைத்துப் பார்த்த மதிப்பீட்டாளர், "இது அறுபத்துமூணு, அறுபத்துநாலு கல்யாணம் சார்" என்பார். கேட்டால் அந்த அம்மாள் ஆமாம் என்பார். தாலிக்கொடி அடகுக்கு வராது, மற்றதெல்லாம் வரும். சட்டத்துக்குப் பயந்து, சொன்னபடி செய்த வீடுகளின் நகை அது. ரகசியமாய்ப் பழைய மாற்றிலேயே செய்துகொண்டவர்களின் நகைக்குக் கடன் அதிகம் கிடைத்தது. ஒரு உத்தரவின் பாரம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதை அந்த உரைகல் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இன்னொரு விஷயம். அரசியல் சாசனம் எழுதியபோது சொத்துரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்று. 1978-ல் 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. அப்போது பிரதமர் அதே மொரார்ஜி! இப்போது இருப்பது 300-ஏ என்ற பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சின்ன வேலி, ஆனாலும் வேலி.

பிட்காயின் போன்றவை அந்த வேலிக்குள் வருமா? 2025 அக்டோபரில் நம் சென்னை உயர்நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஒரு பரிவர்த்தனை நிறுவனத்தில் திருட்டுப் போனது. அந்த நஷ்டத்தைச் சம்பந்தமில்லாத வேறு நாணயம் வைத்திருந்தவர்கள் தலையிலும் ஏற்றப் பார்த்தார்கள். ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டார். கிரிப்டோ என்பது செலாவணிப் பணம் அல்ல. ஆனால் அது ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக்கூடிய சொத்து என்று நீதிமன்றம் கூறியது. சூதாட்டக் காசு என்று பலர் ஒதுக்கியதற்குச் சொத்து என்ற பெயர் கிடைத்தது சிறிய விஷயமில்லை. சொத்து என்று ஆனால்தானே பறிப்பவனைச் சட்டம் எங்கே என்று கேட்க முடியும்?

சட்டம் இருந்தாலும் விலை எந்தத் தேதிக்கு என்ற கேள்வி இருக்கிறது. ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுத்தனமாக சினிமா காட்டிய ஓர் இணையதளத்தின் வழக்கில் 2024 ஜனவரியில் கிட்டத்தட்ட 50,000 பிட்காயின் போலீஸ் கைக்கு வந்தது. விலை சரிந்துவிடலாம் என்று சொல்லி, தீர்ப்பு வருமுன்னே, ஜூன், ஜூலை மாதங்களில் அத்தனையையும் விற்றுவிட்டார்கள். 264 கோடி யூரோ கிடைத்தது. அதே வருடம் டிசம்பரில் ஒரு பிட்காயின் லட்சம் டாலரைத் தாண்டியது. கெட்டுப்போகும் மீனை ஏலம் போடும் நியாயம் இது. விலை இறங்கியிருந்தால் கெட்டிக்காரத்தனம் என்றிருப்போம். ஆனால் வழக்கில் ஒருவர் நிரபராதி என்று வந்தால் அவருக்குத் திரும்ப வருவது அவர் கொடுத்த பொருளா, யாரோ ஒரு தேதியில் விற்ற பணமா?

அமெரிக்கா நேர் எதிராகப் போயிருக்கிறது. 2014-ல் பறித்த பிட்காயினை ஏலம் போட்டார்கள். 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் இனி விற்க வேண்டாம், பறிமுதல் செய்ததை நாட்டின் கையிருப்பாகச் சேருங்கள் என்று உத்தரவிட்டார். இதில்தான் எனக்கு நெருடல். பறிப்பவனுக்கே அந்தப் பொருள் வேண்டியிருந்தால், பறிப்பது சரியா என்று யார் நிதானமாக யோசிப்பார்கள்? வேலியே பயிரை மேய ஆசைப்படும் நிலை அது. 1933-ல் நடந்ததும் அதுதான்.

அரசாங்கம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டதும் உண்டு. 1994-ல் நம் வருமானவரித் துறை ஒரு அறிவுரை வெளியிட்டது. சோதனையின்போது மணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரையான நகையை எடுக்காதீர்கள் என்றது. நம் வீட்டு வழக்கம் தெரிந்த யாரோ ஒருவர் எழுதியிருக்க வேண்டும். கிரிப்டோவுக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. லாபத்தில் 30 சதவீத வரி உண்டு, விற்கும்போது ஒரு சதவீதப் பிடித்தம் உண்டு. வரி வாங்கும் கை நீண்டிருக்கும் அளவுக்குக் காக்கும் கை நீளவில்லை.

ஆகவே அடுத்த முறை ஏதாவது பறிமுதல் செய்தி படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பறிக்குமுன் ஒரு நீதிபதியிடம் கேட்டார்களா? எந்தத் தேதி விலை? நிரபராதி என்றால் எதைத் திருப்பித் தருவார்கள்? கள்ளனிடம் பறித்த செய்தியிலும் இதைக் கேட்க வேண்டும். 1933-ல் வரிசையில் நின்று நாணயத்தைக் கொடுத்தவர்கள் கள்ளர்கள் இல்லை.

உங்கள் பேரனிடம் பிட்காயின் இருந்தால் திட்டாதீர்கள். வாங்கிய தேதி, விலை, கட்டிய வரி எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நகை ரசீதுகளைப் போட்டு வைக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவிலேயே அதையும் வைக்கலாம்.