அபர்வான் அழிவும் அதன் ஏதுவும்

தென்வேல்ஸ் நாட்டிலே அபர்வான் என்னும் சுரங்கச் சிற்றூரில், 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாட் காலையில், மலைமேற் குவிந்திருந்த நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பாடசாலையொன்றை மூடியது. மாண்டவர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர்.

மழையும் எவரும் அறியா நீரூற்றுமே ஏதுவென நிலக்கரிச் சபைத் தலைவர் ரொபன்ஸ் பிரபு கூறினார். மழை பெய்தது மெய்யே. ஆயின், 1958இல் தொடங்கப்பெற்ற அவ்வேழாம் மேடு கொட்டப்பட்ட இடத்து ஊற்றுக்கள் நிலப்படங்களிலேயே குறிக்கப்பட்டிருந்தன. ஊரார் அவற்றை நன்கறிவர். பாடசாலைக்குப் பின்புறம் கழிவு கொட்டுதலால் நேரக்கூடிய அபாயத்தை உள்ளூராட்சிப் பொறியியலாளரும் 1963இல் எழுத்து மூலம் எடுத்துரைத்தார். கடிதங்கள் சென்றன, மறுமொழிகளும் வந்தன. கொட்டுதல் மாத்திரம் நின்றிலது. மேடுகளைப் பரிசோதித்தற்கென ஒழுங்கான விதியெதுவும் அச்சபையிடத்து இருந்திலது என்பதே யாம் ஊன்றி நோக்கற்பாலது. சுரங்கத்தின் உள்ளே காட்டிய கவனம் வெளியே காட்டப்படவில்லை.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் 76 நாள் அமர்ந்த விசாரணை மன்று, 1967இல், பழி சபையினதே எனத் தீர்த்தது. எனினும் ஒருவரேனும் தண்டிக்கப்பட்டிலர். எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கென, துயருற்றோர்க்காகத் திரட்டிய நிதியிலிருந்தே 150,000 பவுண் பெறப்பட்டது! அத்தொகை 1997இலேதான் திருப்பியளிக்கப்பட்டது.