ஹைதரிடம் சென்ற பாதிரியார்

பச்சைமலை அடிவாரத்திலுள்ள உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வருவோருக்கு அந்நகரின் அடையாளமாக முதலில் தோன்றுவது மலைக்கோட்டை. அதன் அண்டையிலேயே தாயுமானவர் கோயிலும், நத்ஹர் வலி தர்காவும், கோட்டைப் பகுதியில் 1766ஆம் ஆண்டு எழுந்த கிறிஸ்து ஆலயமும் இருக்கின்றன. ஆர்க்காட்டு நவாப் வாலாஜா முகம்மது அலி அந்தத் தர்காவில் அடங்கியிருக்கிறார். ஆலயத்தை எழுப்பிய சுவார்ட்ஸ் பாதிரியார் அவர் காலத்தவர். இப்பாதிரியாரின் வரலாற்றில் ஒரு பகுதி, முஸ்லிம்களாகிய நாம் ஊன்றிப் படிக்கவேண்டியதாகும்.

சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். ஹாலே நகரில் பயின்று, 1750ஆம் ஆண்டு தமிழகம் வந்து தரங்கம்பாடியில் பணியைத் தொடங்கினார். 1762ஆம் ஆண்டு முதல் அவருடைய பணி திருச்சியில் வேரூன்றியது. அன்று திருச்சி நவாபுக்கு உரியது. கோட்டையிலோ கும்பினியாரின் படை இருந்தது. தமிழை முன்பே கற்றிருந்த சுவார்ட்ஸ், நவாபின் அவையினரோடும் பிற முஸ்லிம்களோடும் உரையாடுவதற்கென்றே பாரசீகம் பயின்றார். இந்துஸ்தானியும் மராத்தியும் அவருக்கு வந்தன. ஒரு மொழியை முறையாகக் கற்பவனிடம், அம்மொழியாரின் மரியாதைகளும் மனப்போக்கும் கூடவே வந்து சேரும் என்பதை அரபும் பாரசீகமும் ஓதியோர் நன்கறிவர்.

அவருடைய நோக்கத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிறரைத் தம் சமயத்திற்கு அழைப்பதே அவர் இந்நாட்டுக்கு வந்த காரணம். முஸ்லிம்களிடமும் இந்துக்களிடமும் தம் கொள்கையை அவர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும், வேதம் அருளப்பெற்றோருடன் அழகிய முறையிலேயே வாதிடவேண்டும் என்று திருமறையால் பணிக்கப்பட்டவர்கள் நாம். எதிர்த்தரப்பில் அவ்வழகைக் காணும்போது அதை ஒப்புக்கொள்வதும் நம் கடமையே.

இனி 1779ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் மாதம், ஹைதர் அலி தமது பாதுகாப்பில் இருப்பதாகக் கருதிய மாஹே துறைமுகத்தைக் கும்பினியார் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். மைசூரில் சினம் மூண்டது. ஹைதரின் உள்ளத்தை அறிந்துவரவும், கும்பினியின் சமாதான எண்ணத்தை எடுத்துரைக்கவும் சென்னை கவர்னர் ரம்போல்டு ஓர் ஆளைத் தேடினார். ஹைதரின் நம்பிக்கைக்கு உரியவராகக் கிடைத்தவர், அப்போது தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஒருவரே. இரத்தம் சிந்துவதைத் தடுக்கலாம் என்ற எண்ணத்தோடு அவர் உடன்பட்டு, சீரங்கப்பட்டணம் சென்றார்.

ஹைதர் அவரைத் தம் அருகில் அமர்த்திப் பேசினார். எழுதப் படிக்க அறியாத அம்மன்னரின் நினைவாற்றலையும், ஒரே வேளையில் பல அலுவல்களைக் கவனிக்கும் திறனையும் பாதிரியார் வியந்து எழுதியிருக்கிறார். அவருடைய தண்டனைகளின் கடுமையையும் எழுதத் தவறவில்லை. யார் எந்தச் சமயத்தைப் பின்பற்றினாலும் ஹைதர் அதில் தலையிடுவதில்லை என்பதும் அவர் கண்ட செய்தியே. ஹைதரின் படையில் ஐரோப்பியர் பலர் இருந்தனர். அவர்களுக்காகச் சுவார்ட்ஸ் அங்கேயே வழிபாடு நடத்தினார், தடுத்தவர் எவருமில்லை.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் பாதிரியார் பெற்றுக்கொண்டார். ஆயினும் திரும்பியதும் அத்தொகையைச் சென்னை அரசிடமே ஒப்படைக்க முன்வந்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அரசு கூறவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதலாக்கினார். ஒரு முஸ்லிம் மன்னரின் பணம், ஒரு கிறிஸ்தவரின் கைவழியே, தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கல்விக்குச் சென்றது.

தூதின் முடிவுதான் வருந்தத்தக்கது. பாதிரியாரின் வாயால் சமாதானம் பேசிய கும்பினியார், அதே ஆண்டில் ஹைதரின் இசைவைப் பெறாமலேயே கடப்பைப் பகுதி வழியாகக் குண்டூரை நோக்கிப் படையனுப்ப முற்பட்டனர். நேர்மையாளர் ஒருவரின் சொல், நேர்மையற்ற செயலுக்குத் திரையாகப் பயன்பட்டது. அடுத்த ஆண்டு, 1780 ஜூலையில், ஹைதரின் படை கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கியது.

அந்தப் போரின் நடுவிலும் ஹைதர், கும்பினியின் குற்றத்தைப் பாதிரியார் மீது ஏற்றவில்லை. சுவார்ட்ஸைத் தடையின்றிப் போகவிடுமாறு தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டார். பகைவர் நாட்டவருக்கும் அமான் என்னும் பாதுகாப்பு வழங்க இடந்தரும் நம் சட்ட நூல்களை ஓதியவர்க்கு இதன் பெருமை விளங்கும்.

அப்போரில் தஞ்சைக் கோட்டையைப் பஞ்சம் சூழ்ந்தது. முன்பு ஏமாற்றப்பட்டிருந்த உழவர்கள், அரசரை நம்பியோ கும்பினியை நம்பியோ நெல் கொண்டுவர மறுத்தனர். விலைக்குத் தாம் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதியனுப்பினார். சில நாள்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. விரைவிலேயே 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. கடன் தீர்க்கப்பட்டது. நெல் கொடுத்த குடியானவர்கள் அவருடைய சமயத்தை ஆராயவில்லை. சொன்ன சொல் காப்பாரா என்பதையே எண்ணினர்.

ஆனால் நம்பிக்கை அள்ள அள்ளக் குறையாத ஊற்றன்று. 1783-84இல் திப்பு சுல்தானுடன் சமாதானம் பேச அமைந்த தூதுக்குழுவில் சேருமாறு சுவார்ட்ஸ் மீண்டும் அழைக்கப்பட்டார். சத்தியமங்கலம் வரை சென்ற அவரை, திப்புவின் அதிகாரிகள் மேலே செல்லவிடவில்லை. ஒருமுறை ஏமாந்த அரசு மறுமுறை எச்சரிக்கை கொண்டதில் வியப்பில்லை. பாதிரியார் மாறவில்லை, அவரை அனுப்பியவர்களின் வாக்குத்தான் மதிப்பிழந்திருந்தது.

1798ஆம் ஆண்டு தஞ்சையில் சுவார்ட்ஸ் மறைந்தார். அவருடைய ஆதரவில் வளர்ந்த சரபோஜி மன்னர், இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, சுவார்ட்ஸை மறக்கவுமில்லை.

சமய நல்லிணக்கம் என்றால் எல்லாரும் ஒன்றையே நம்புவதாகக் காட்டிக்கொள்வது என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். சுவார்ட்ஸும் ஹைதரும் அப்படிக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் மொழியை மற்றவர் மதித்துக் கற்பதும், கொண்ட கொள்கையை மறைக்காமல் பேசுவதும், கொடுத்த வாக்கை அமானிதமாகக் காப்பதும் அவர்களிடையே பாலமாயின. அந்தப் பாலத்தைத் தகர்த்தது சமய வேறுபாடு அன்று. அதன் மீது படையை நடத்த நினைத்த ஆட்சியாளரின் பேராசையே.