பாபர் நட்ட நர்கிஸ்

காபூல் மலையடிவாரங்களில் பூத்த துலிப் மலர்களை எண்ணச் செய்த பாபர், அவை 32 அல்லது 33 வகை என்று தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். அவற்றுள் ஒன்று ரோஜா மணம் வீசியதாம்! துலிப் கிழங்கு செவ்வனே பூக்க, மண்ணுக்குள் பல வாரக் கடுங்குளிரும், பின்னர் வறண்ட கோடையும் வேண்டும். 1526-இல் அவர் கைப்பற்றிய ஆக்ராவிலோ வெப்பமும் புழுதியும். கோடை நடுவே பெருமழை. அவ்வூரை அவர் கடிந்தே எழுதினார். எனினும் யமுனைக் கரையில் கிணறு வெட்டித் தோட்டம் அமைத்தபோது, பாத்திகளில் நட்டவை ரோஜாவும் நர்கிஸும். கொத்தாகப் பூக்கும் நர்கிஸ் வகைக்குச் சமவெளியின் மிதமான குளிரே போதும். மண்ணறிந்து செய்த தேர்வாகவே இதைக் கருதுகிறேன். 1530-இல் ஆக்ராவில் வஃபாத்தான அவருடைய உடல் முதலில் அங்கேயே அடக்கப்பட்டு, பின்னர் காபூலின் மலைச்சரிவுத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.