தொல்லியல் நடை (தேனி மாவட்டம்)

தொன்மையான சின்னங்கள் கிடக்கும் இடத்துக்கே கால்நடையாகப் போய், அறிந்தவர் சொல்லக் கேட்டு, கல்லையும் பானை ஓட்டையும் நேரில் பார்த்துப் பழகும் வெளிக்களக் கல்விமுறை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கற்பதிலிருந்து இது வேறுபட்டது. தேனி மாவட்டத்தின் முக்கியமான தொல்லியல் அடையாளங்கள் பலவும் மண்வெட்டி எடுக்கும் முன்பே நடந்து போனவர்கள் கண்ணில் பட்டவை.

மாவட்டத்தின் வடகிழக்கில், வத்தலக்குண்டு–பெரியகுளம் சாலையில், பழனி மலையடிவாரத்தில் இருக்கிறது கெங்குவார்பட்டி. கொடைக்கானல் வண்டிகள் பக்கத்திலுள்ள காட்ரோட்டில் திரும்பி மலையேறிவிடுகின்றன. ஏரியையும் தூண்பாறையையும் பார்க்கப் போகிறவர்கள், வழியில் பெருமாள்மலை, பேத்துப்பாறைப் பக்கம் இருக்கும் கல்திட்டைகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. செதுக்காத பலகைக் கற்களைப் பக்கச் சுவர்களாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றிய இரும்புக்கால ஈமச் சின்னங்கள் இவை. குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் ஊரார் சொல்வதுண்டு. செண்பகனூரில் இருந்த இயேசு சபைக் குருக்கள் ஆங்லாத், நியூட்டன் இருவரும் இம்மலைகளில் அலைந்து இவற்றைப் பதிவு செய்தனர். அவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஆனால் அது அறிஞருக்கான ஆங்கில நூல். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் எட்டவில்லை.

பொதுமக்களுக்கும் எட்டிய தேடல் நடந்தது கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில். கரந்தையைச் சேர்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், சிலப்பதிகாரம் சொல்லும் கண்ணகியின் வழியைப் பூம்புகாரிலிருந்து மதுரை, அங்கிருந்து மேற்குமலை எனப் பல ஆண்டுகள் தேடி நடந்தார். 1963இல், கூடலூருக்கு மேலே தமிழக–கேரள எல்லையில் இருக்கும் சிதைந்த மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். அந்த முடிவை ஆய்வாளர் அனைவரும் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் படிக்கலாம் என்று காட்டியவர் அவர்தான். தேனியின் தொல்லியல் நடைக்கு முன்னோடி யார் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். இன்று சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் அங்கே பொதுமக்கள் போகலாம். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். பளியங்குடியிலிருந்து காட்டுப்பாதையில் ஏறியும் போகலாம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் கோயில் இருப்பதால், தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. பொங்கல் வைக்கப் போகும் கூட்டத்தில் எத்தனை பேர் கல்வெட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த பெரிய கண்டுபிடிப்பும் நடையில்தான் வந்தது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் குழு, கா. ராஜன் வழிகாட்டுதலில், ஆண்டிபட்டி வட்டாரத்தில் ஊர் ஊராகக் கள ஆய்வு செய்தது. அப்போது வைகைக்கரைப் புலிமான்கோம்பையில் தமிழ்–பிராமி எழுத்துள்ள நடுகற்கள் மூன்று கிடைத்தன. கூடல் ஊரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல் அவற்றுள் ஒன்று. தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துடைய நடுகற்களாக இவை கருதப்படுகின்றன.

2013–14இல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு, வைகை தோன்றும் மலைப்பகுதியிலிருந்து கடலோரம் வரை இரு கரைகளிலும் ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தது. கீழடி அகழாய்வு அதன் விளைவு. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் வி. பாலசுப்பிரமணியன், தம் மாணவர் வாயிலாகத் தெரியவந்த பழம்பொருள்களைப் பற்றி 1970களிலேயே அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

அறிஞர் நடையைப் பொதுமக்கள் நடையாக மாற்றியது மதுரையின் பசுமை நடை. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010இல் இதைத் தொடங்கினார். சமணக் குன்றுகளுக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் வர, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டைப் படித்து விளக்குவார். காலையில் நடப்பதில் தொழில்நுட்பப் பயனும் உண்டு. சாய்ந்து விழும் வெயிலில் தேய்ந்த எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். உச்சி வெயிலில் அதே பாறை வெறும் பாறையாகத் தெரியும்.

இத்தகைய நடைகளில் கையில் எடுத்துப் பார்க்க எளிதாகக் கிடைப்பது கறுப்பு–சிவப்புப் பானை ஓடு. உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்பகுதி கறுத்தது என்பது பொதுவான விளக்கம். பார்த்த ஓட்டைக் கிடந்த இடத்திலேயே வைக்க வேண்டும். இடம் பெயர்ந்தால் அது எந்தக் குழியைச் சேர்ந்தது என்ற செய்தியே போய்விடும். புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வகை செய்கிறது. கல்வெட்டில் சாக்கட்டி தேய்ப்பதும், கல்திட்டைக்குள் அடுப்பு மூட்டுவதும் கூடாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொன்னால் போதும்.