விலைக்கு வாங்கிய வானூர்தியும் வீடு சேர்க்கும் வழியும்: பிரான்சிஸ் சிச்செஸ்டரின் ஜிப்சி மாத் (1929–1931)

ஆய்வுச்சுருக்கம்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தனிமனிதர் விலைக்கு வாங்கக்கூடிய சிறு விமானம் ஒரு வணிகப் பொருளாக உருவெடுத்தது. 1929இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் சிச்செஸ்டர் வாங்கிய ஜிப்சி மாத் விமானம் நியூசிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட முறையையும், 1931இல் டாஸ்மன் கடலைக் கடக்க அது மாற்றியமைக்கப்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தனியொருவரின் துணிவுக் கதையாகவே இதுவரை சொல்லப்பட்டுவந்த இந்நிகழ்வு, அரசின் உடைமை, கடற்படையினரின் பழைய கணிதம், தீவு மக்களின் உழைப்பு ஆகியவற்றால் தாங்கப்பட்டது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஜிப்சி மாத், டாஸ்மன் கடல், மிதவை விமானம், வானியல் வழிகாண்முறை, லார்ட் ஹவ் தீவு

முன்னுரை

விமான வரலாறு பெரும்பாலும் பறத்தலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. விமானத்தை வாங்கியது, பதிவு செய்தது, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றியது, எரிபொருள் தொட்டி பொருத்தியது, கிழிந்த துணியைத் தைத்தது ஆகிய செயல்கள் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும், ஒரு விமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அதன் பொறியைவிட இச்செயல்களே பல வேளைகளில் தீர்மானித்தன. சிச்செஸ்டரின் விமானம் இதற்குத் தக்க சான்றாகும். உரிமையாளரின் ஊருக்கு அது பறந்து வரவில்லை, கப்பலில் வந்தது. அந்தக் குறையிலிருந்தே அதன் இரண்டாவது பயணம் பிறந்தது.

வாங்கியவரும் வாங்கிய பொருளும்

1901இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்த சிச்செஸ்டர், 1919இல் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். பல தொழில்களில் அலைந்த பின்னர் ஜெஃப்ரி குட்வின் என்பவருடன் கூட்டுச்சேர்ந்து நிலவணிகத்தில் பொருளீட்டினார். இருவரும் விமான நிறுவனம் ஒன்றையும் நடத்தினர். அது ஆதாயம் தரவில்லை. விமானத் தொழிலில் முதலிட்டு இழந்த ஒருவர், 1929இல் இங்கிலாந்து சென்று புரூக்லண்ட்ஸில் பறக்கப் பயின்று, தமக்கென ஒரு விமானத்தை வாங்கினார் என்பது கருதத்தக்கது. பிறர் ஓட்ட முதலிடுவதற்கும் தாமே ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நட்டத்தின் வாயிலாகவே உணர்ந்திருக்க வேண்டும்.

அவர் வாங்கியது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டி.எச்.60ஜி ஜிப்சி மாத். மாத் வரிசையின் முதல் விமானம் 1925 பிப்ரவரி 22 அன்று பறந்தது. தொடக்கத்தில் அதில் பொருத்தப்பட்ட சிர்ரஸ் பொறி, முதல் உலகப் போரில் மிஞ்சிய எட்டு உருளைப் பொறியைப் பாதியாக்கி உருவாக்கப்பட்டது. போர்க்கால மிச்சம் தீர்ந்துவரவே, ஏறத்தாழ 100 குதிரைத்திறன் கொண்ட நான்கு உருளை ஜிப்சி பொறியை நிறுவனம் தானே உருவாக்கியது. மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் உடலாக, சிறகுகளின்மேல் துணி போர்த்தி மெருகெண்ணெய் பூசப்பட்டிருக்கும். முன்னும் பின்னுமாகத் திறந்த இரு இருக்கைகள் உண்டு. ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள சிறகுகளைப் பின்னோக்கி மடித்தால் அகலம் 3 மீட்டர் அளவிற்குச் சுருங்கிவிடும். விலை ஏறத்தாழ 650 பவுண்டு. மோட்டார் வண்டிக் கொட்டகையில் நிறுத்தக்கூடிய விமானம் என்பதே அதன் விற்பனையின் அடிப்படையாக இருந்தது.

இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டும். ஆங்கில நாட்டுப்புறத்தில் ஒரு பிற்பகல் உலாவுக்கென வடிவமைக்கப்பட்ட பொருள் இது. வழக்கமான எரிபொருளுடன் அது கடக்கக்கூடிய தூரம் 500 கிலோமீட்டரை ஒட்டியதே. அதை உலகின் மறுகோடிக்குக் கொண்டுசெல்ல முனைந்தவர் அதன் பயன்பாட்டையே மாற்ற வேண்டியிருந்தது. கூடுதல் எரிபொருள் தொட்டிகளுக்கு உடன்பயணியின் இடம் பலியானது. தனிப்பயணம் என்று போற்றப்படுவதன் பின்னால் இவ்வெளிய கணக்கும் இருக்கிறது: இரண்டாம் ஆளின் எடைக்குப் பதிலாகப் பெட்ரோல்.

சிட்னி வரை வானில், அதன்பின் கப்பலில்

1929 டிசம்பர் 20 அன்று சிச்செஸ்டர் இலண்டனின் கிராய்டன் நிலையத்திலிருந்து புறப்பட்டார். 1928 பிப்ரவரியில் பெர்ட் ஹிங்க்லர் இதே தொலைவை, டார்வின் வரை, 16 நாள்களுக்குள் தனியே கடந்திருந்தார். அதை முறியடிக்கும் எண்ணம் சிச்செஸ்டருக்கு இருந்தது. திரிப்போலி அருகே இருளில் தரையிறங்கியபோது நேர்ந்த விபத்து அவ்வெண்ணத்தைக் குலைத்தது. பழுதுபார்த்து மீண்டும் புறப்பட்ட அவர் 1930 ஜனவரி 30 அன்று சிட்னியை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த இரண்டாமவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

எனினும் அவரது ஊர் சிட்னி அன்று. நடுவே டாஸ்மன் கடல், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் அகலத்தில் கிடந்தது. அக்கடலின் அண்மைக்கால வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. 1928 ஜனவரி 10 அன்று சிட்னியிலிருந்து நியூசிலாந்து நோக்கிப் புறப்பட்ட மாங்க்ரீஃப், ஹூட் ஆகிய இருவரும் கரைசேரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தும் உல்மும் மேலும் இருவருடன் அக்கடலை முதன்முதலில் கடந்தபோது, அவர்களது ‘சதர்ன் கிராஸ்’ விமானம் மூன்று பொறிகளைக் கொண்டிருந்தது. ஒற்றைப் பொறி மாத், கப்பலின் சரக்காகவே நியூசிலாந்து வந்தது. அங்கு அதன் ஜி-ஏஏகேகே என்ற ஆங்கிலப் பதிவெழுத்து நீங்கி இசட்கே-ஏகேகே என்ற நியூசிலாந்துப் பதிவெழுத்து எழுதப்பட்டது. அலுவலக நோக்கில் விமானம் வீடுசேர்ந்துவிட்டது. உரிமையாளர் நோக்கில் பயணத்தின் கடைசிப் பகுதி நிலுவையில் நின்றது.

மிதவைகள்

விடுபட்ட பகுதியை எதிர்த்திசையில், நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடக்க அவர் முடிவுசெய்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சி நிலவணிகத்தைத் தாக்கியிருந்த காலம் அது. புதிய விமானத்திற்கு வழியில்லை. கையிலிருந்த மாத்தால் ஒரே பாய்ச்சலில் கடக்கவும் இயலாது. நிலப்படத்தில் இரு புள்ளிகளே உதவின: ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நார்ஃபோக் தீவும், அதில் பாதியும் இல்லாத லார்ட் ஹவ் தீவும். நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து முதல் தீவுக்கு ஏறத்தாழ 770 கிலோமீட்டர். அங்கிருந்து இரண்டாவதற்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். பின்னர் ஆஸ்திரேலியக் கரைக்கு மீண்டும் 770 கிலோமீட்டர் அளவு.

இரு தீவுகளிலும் அன்று விமானத்தளம் இல்லை. நார்ஃபோக்கில் இரண்டாம் உலகப் போரின்போதும், லார்ட் ஹவ்வில் 1974இலுமே ஓடுதளம் வந்தது. எனவே சக்கரங்களைக் கழற்றி மிதவைகளைப் பொருத்த வேண்டியதாயிற்று. அம்மிதவைகள் கடையில் வாங்கியவை அல்ல. நியூசிலாந்து விமானப்படையிடமிருந்து பெற்றவை. தனியார் விமானத்தின் தனிப்பயணம் என்று அழைக்கப்படும் நிகழ்வின் அடித்தளம், சொல்லின் நேர்ப்பொருளிலேயே, அரசின் உடைமையாக இருந்தது.

மிதவை ஒரு சிக்கலைத் தீர்த்து மூன்றைக் கொணர்ந்தது. அதன் எடை சுமக்கக்கூடிய எரிபொருளைக் குறைத்தது. காற்றில் அதன் இழுவை வேகத்தைக் குறைத்தது. மூன்றாவதே பெருந்தொல்லை: சிறு கசிவும் மிதவைக்குள் நீரைச் சேர்க்கும், நீர் சேர்ந்த விமானம் அலையிலிருந்து எழ மறுக்கும். தரையில் நிற்கும் விமானத்திற்குக் காவல் போதும். நீரில் நிற்கும் விமானத்திற்குப் படகுக்குரிய பேணுதல் அனைத்தும் தேவை.

பொருத்த முடியாத கருவி

சிறு தீவைக் கண்டடைவது எரிபொருளைவிடக் கடினமான சிக்கல். வேகத்தையும் திசையையும் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் முறையில், காற்றின் போக்கு தவறாக மதிப்பிடப்பட்டால் பிழை மணிக்குமணி வளரும். வானொலி வழிகாட்டுதலும் இல்லை. எஞ்சியது கடலோடிகளின் செக்ஸ்டன்ட்.

ஒரு வேளையில் சூரியனின் உயரக்கோணத்தை அளந்தால் கிடைப்பது இருப்பிடப் புள்ளி அன்று. சூரியனின் திசைக்குச் செங்குத்தாகச் செல்லும் ஒரு கோடு மட்டுமே. அக்கோட்டின்மேல் எங்கோ இருக்கிறோம் என்பதே தெரியும். 1837இல் அமெரிக்கக் கப்பல் தலைவர் சம்னர் கண்டறிந்த உண்மை இது. கப்பலில் இக்கணக்கிற்கு மேசையும் நேரமும் உண்டு. திறந்த இருக்கையில், காற்று தாளைப் பறிக்க, விமானத்தையும் தாமே செலுத்திக்கொண்டு அளக்கவும் கணக்கிடவும் வேண்டியவருக்கு அவ்விரண்டும் இல்லை. கடிகாரம் 4 விநாடி பிழைத்தால் தீர்க்கரேகை ஒரு கலை பிழைக்கும். 100 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது அடிவானம் ஏறத்தாழ 17 கலை தாழ்ந்து தெரியும். அதைத் திருத்தாவிட்டால் 30 கிலோமீட்டருக்கு மேல் பிழை. உயரமானியின் சிறு தவறும் இதில் கலந்துவிடும் என்பதால், அளவெடுக்கும்போது தாழப் பறப்பது பயன்தந்தது.

சிச்செஸ்டர் கையாண்ட தீர்வு, தெரிந்தே பிழை செய்வது. தீவை நேராகக் குறிவைத்துச் சென்று, உரிய நேரத்தில் அது தென்படாவிட்டால் இடப்புறம் திரும்புவதா வலப்புறமா என்பது தெரியாது. எனவே கணக்கில் நேரக்கூடிய மிகப்பெரும் பிழையையும் விஞ்சும் அளவில் ஒருபுறமாக ஒதுங்கிச் செல்ல வேண்டும். தீவின் வழியே செல்லும் சூரியக் கோட்டை அடைந்துவிட்டோம் என்று செக்ஸ்டன்ட் காட்டியதும் மறுபுறம் திரும்பி, அக்கோட்டின் வழியே தீவை அடையலாம். புள்ளியைத் தேடும் சிக்கல், கோட்டைத் தேடும் சிக்கலாக மாறுகிறது. இம்முறையின் கூறுகள் கடலோடிகளுக்குப் புதியவை அல்ல. அவற்றைத் தனியாளின் விமானத்திற்குப் பொருத்தியதே சிச்செஸ்டரின் பங்கு. அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று மட்டும் சொல்வது மிகையாகும். இதற்கொரு விலையும் உண்டு. வளைந்த பாதை நீண்ட பாதை. ஆகவே கூடுதல் தொட்டியின் பெட்ரோலில் ஒரு பகுதி தொலைவுக்காக அன்றி உறுதிப்பாட்டிற்காகவே சுமக்கப்பட்டது. விமானத்தின் பொருத்தும் பணியையும் கணக்கீட்டு முறையையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தீவில் கழிந்த வாரங்கள்

1931 மார்ச் 28 அன்று ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட அவர், வடகோடியின் பரெங்கரெங்கா துறையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அன்றே நார்ஃபோக் தீவைக் கண்டடைந்தார். அந்த ஜனவரியிலேயே கை மென்சீஸ் என்ற இளைஞர் சிட்னியிலிருந்து தனியே பறந்து, நியூசிலாந்தின் ஹரிஹரி அருகே சதுப்பில் தலைகீழாக இறங்கியிருந்தார். ஆகவே டாஸ்மனைத் தனியே கடந்த முதல்வர் மென்சீஸ். சிச்செஸ்டர் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த முதல்வர். இவ்வேறுபாடு சிறிதன்று, அப்பகுதியில் மேலைக்காற்றே மிகுதி என்பதால்.

ஏப்ரல் 1 அன்று லார்ட் ஹவ் தீவின் பவளக் காயலில் விமானம் இறங்கியது. அன்றிரவு வீசிய புயலில் கட்டுமிடத்திலேயே கவிழ்ந்து மூழ்கியது. பறத்தலின் வரலாறாக எழுதுவோருக்குக் கதை இங்கு இடைநிறுத்தம் பெறுகிறது. ஜூன் 6 அன்றே அவர்கள் மீண்டும் தொடங்குகின்றனர். நடுவில் இருப்பவை ஒன்பது வாரங்களுக்கு மேற்பட்ட உழைப்பு. கென்டியா பனை விதை ஏற்றுமதியால் வாழ்ந்த அச்சிறு தீவில் விமானப் பட்டறை கிடையாது. சிறகுச் சட்டங்கள் சீராக்கப்பட்டன. துணி புதிதாகப் போர்த்தித் தைக்கப்பட்டது. உப்புநீர் புகுந்த பொறி அக்கக்காகப் பிரித்துக் கழுவப்பட்டது. உதிரிப் பொருள்கள் கப்பலில் வந்தன. மரவேலையும் தையலும் படகுப் பராமரிப்பும் அறிந்த தீவு மக்கள் துணைநின்றனர். மரமும் துணியுமான விமானம் என்பதாலேயே இது இயன்றது. உலோக விமானமாயின் அக்கரையிலேயே அதன் கதை முடிந்திருக்கும். இங்கிலாந்துச் செல்வருக்காகச் செய்யப்பட்ட பொருள், தீவுத் தச்சரின் கைக்கு அடங்கும் பொருளாகவும் இருந்தது என்பது அதன் வடிவமைப்பாளர்கள் கருதியிராத சிறப்பு.

1964இல் வெளிவந்த சிச்செஸ்டரின் தன்வரலாற்று நூலுக்குத் தனிமையான கடலும் வானும் என்ற பொருள்படும் தலைப்பு அமைந்தது. அவரைப் பற்றிய பிற்காலச் சித்திரிப்புகள் பலவற்றிலும் தனிமையே முதன்மை பெற்றது. வானில் இருந்த மணிநேரங்களுக்கு அது பொருந்தும். விமானத்தின் வாழ்நாளை அளவுகோலாகக் கொண்டால் பொருந்தாது.

ஜூன் 6 அன்று புறப்பட்ட விமானம் ஜெர்விஸ் விரிகுடாவில், ஆஸ்திரேலியக் கடற்படையின் நீர்விமானத் தாங்கிக் கப்பலான ‘ஆல்பட்ராஸ்’ அருகே இறங்கியது. பாரந்தூக்கியால் கப்பலின் மேல்தளத்துக்கு ஏற்றப்பட்டபோது கொக்கியில் சிக்கி விமானியின் விரல் நசுங்கியது. கடலைக் கடந்தபோது நேராத காயம் அது.

விமானம் நியூசிலாந்துக்குத் திரும்பவில்லை. சிச்செஸ்டர் அதில் வடக்கே ஜப்பானை நோக்கிப் பறந்தார். 1931 ஆகஸ்டில் கட்சுஊரா துறையில் குறுக்கே கட்டியிருந்த கம்பிகளில் மோதி அது நொறுங்கியது. அவர் படுகாயங்களுடன் பிழைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அவர் பிரித்தானிய விமானப்படையினருக்கு வழிகாண்முறை கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். பின்னாளில் தம் பாய்மரப் படகுகளுக்கு அவர் இட்ட பெயர் ஜிப்சி மாத்; 1966–67இல் தனியே உலகைச் சுற்றிவந்தது அவ்வரிசையில் நான்காம் எண் தாங்கிய படகு.