பேய்வீடுகளும் வரலாற்றுச் சான்றும்: ஒரு நோக்கு

பாழடைந்த வீடு, ஊர்க்கிணறு, ஒற்றைப் புளியமரம் எனப் பேய் உறையும் இடங்களைப் பற்றிய கதை வழங்காத ஊர் எமது நாட்டில் இல்லை எனலாம். இக்கதைகளை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவது எளிது. அவற்றை அப்படியே நம்பிவிடுவது அதனினும் எளிது. வரலாற்று மாணவனுக்கு இவ்விரண்டும் தகாதன. ஒரு வீட்டிற் பேய் உலாவிற்று என்பதும் ஒரு கூற்றே. கண்டவர் யார், அவர் அதனை எப்பொழுது எழுதிவைத்தார், அக்கூற்றாற் பயனடைந்தவர் யார் என்னும் வினாக்களை ஒரு செப்பேட்டை நோக்கி எழுப்புவது போலவே இதனை நோக்கியும் எழுப்புதல் வேண்டும்.

உலகிற் பெரும்புகழ் பெற்ற பேய்வீடு இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்திலிருந்த போர்லிக் குருமனையாகும். 1860களின் தொடக்கத்திற் கட்டப்பட்ட அம்மனையிற் கன்னித்துறவி ஒருத்தியின் ஆவி உலாவுவதாகக் கதை வழங்கியது. முன்னொரு காலத்தில் அவ்விடத்தில் இருந்த மடமொன்றோடு அவளைத் தொடர்புபடுத்தினர். ஆயின் அத்தகைய மடம் அங்கிருந்தமைக்கு ஆவணச் சான்று எதுவுமில்லை. 1929இல் ஒரு நாளிதழின் ஏற்பாட்டில் ஆவி ஆராய்ச்சியாளர் ஹரி பிறைஸ் அங்கு வந்தார். கல்லும் பாத்திரமும் எறியப்படும் புதுவகை நிகழ்ச்சிகள் அவர் வருகையோடு தொடங்கின. அவர் நீங்கியதும் தணிந்தன. 1937இல் அவர் அம்மனையை ஓராண்டுக்கு வாடகைக்குப் பெற்றுப் பார்வையாளர் பலரை அமர்த்தினார். 1939இல் மனை தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டு பிறைஸ் அதனை இங்கிலாந்தின் மிகப் பெரிய பேய்வீடாக வருணித்து நூல் வெளியிட்டார். அவர் இறந்து எட்டாண்டுகளின் பின்னர், 1956இல், டிங்வோல், கோல்ட்னி, ஹோல் ஆகிய மூவரும் மூல ஆவணங்களை ஆராய்ந்து அறிக்கையிட்டனர். சில நிகழ்ச்சிகளைப் பிறைஸே உண்டாக்கியிருக்கலாம் என்பது அவர்களது ஐயம். 1969இல் ஹேஸ்டிங்ஸ் என்பார் அவ்வறிக்கையை மறுத்துப் பிறைசுக்காக வாதிட்டார். இவ்வழக்கில் ஒன்று தெளிவாகின்றது: ஆராய்ச்சியாளரே கதையின் ஆசிரியருமாகி, கதையின் புகழில் அவர் புகழும் தங்கிவிடுமாயின், அவர் சான்று ஐயத்திற்குரியதாகின்றது.

இந்த அளவுகோலை எமது சூழலில் எவர்மீது பொருத்திப் பார்க்கலாம்? வெள்ளவத்தையிற் பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்த கலாநிதி ஆபிரகாம் தோமஸ் கோவூரே முதலில் நினைவுக்கு வருபவர். 1898இற் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்த அவர், 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசை சென் தோமஸ் கல்லூரி ஆகியவற்றிலும் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959இல் ஓய்வுபெற்றார். தாவரவியல் ஆசிரியரான அவர் பின்னர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். வஞ்சனைக்கு இடமற்ற நிலையில் அற்புத ஆற்றலைக் காட்டுவோருக்கு இலட்சம் ரூபாய் அளிப்பதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அத்தொகையை எவரும் பெற்றிலர். தமது எலும்புக்கூட்டைத் தேர்ஸ்டன் கல்லூரி ஆய்கூடத்திற்கு வழங்குமாறு அவர் விருப்பாவணம் எழுதியமை அவரது கொள்கை உறுதியைக் காட்டும்.

வீட்டின்மீது கல் விழுதல், உணவில் அழுக்கு வீழ்தல், உடுபுடைவை தானே தீப்பற்றுதல் முதலிய முறைப்பாடுகள் கோவூரிடம் வந்தன. அவர் அவ்வீட்டுக்குச் சென்று குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவுவார். வேண்டுமிடத்து அறிதுயில் முறையையும் கையாள்வார். கல்லெறிந்த கை ஆவியினதன்று, வீட்டிலுள்ளார் ஒருவரது கையே என்பதே அவர் கண்ட முடிவு. அக்கை பெரும்பாலும் அன்பு மறுக்கப்பட்ட, மனம் நொந்த ஓர் இளையவரின் கையாக இருந்தது. வெளிப்படையாக எதிர்த்துப் பேச இயலாத ஒருவர் தம் துயரைப் பேயின் பெயரால் அறிவித்தார் என்பது அவர் விளக்கம்.

இவ்விளக்கம் மனத்தைக் கவர்வது. எனினும் பிறைசுக்கு வைத்த அளவுகோலைக் கோவூருக்கு மறுப்பது நேர்மையன்று. அவருடைய குறிப்புகள் பெரும்பாலும் அவரே பொதுமக்களுக்காக எழுதியவை. ஆட்களின் அடையாளம் மறைக்கப்பட்டமையால் மற்றொருவர் சென்று சரிபார்க்க வழியில்லை. அவரது குறிப்பொன்றைத் தழுவி 1972இற் 'புனர்ஜன்மம்' என்னும் மலையாளத் திரைப்படமும் எழுந்தது. வழக்குக் குறிப்பும் கதையாகும் என்பதற்கு இதுவே சான்று. மேலும், மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் முன்னிலையிற் சிறுவர் அளிக்கும் ஒப்புதல் எப்பொழுதும் உண்மையாகும் என்பதற்கில்லை. அறிதுயிலில் வெளிவரும் நினைவும் நம்பத்தக்க சான்றன்று என்பது பிற்கால உளவியல் ஆய்வாளர் கருத்து.

ஆயினும் பெயர் மறைத்தமைக்குத் தக்க காரணமுண்டு. கல்லெறிந்த சிறுமியின் பெயர் அச்சேறுமாயின் அவள் வாழ்வு என்னாகும்? சரிபார்க்கும் உரிமை ஆய்வாளனுக்கு உண்டு. மானத்தோடு வாழும் உரிமை அச்சிறுமிக்கும் உண்டு. இவ்விரண்டும் மோதுமிடத்துக் கோவூர் பின்னதைத் தெரிந்தார். அத்தெரிவு சான்றின் வலிமையைக் குறைத்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

எல்லாப் பேய்வீடுகளுக்கும் மனிதக் கையே காரணம் என்றும் கூறிவிட முடியாது. 1921இல் வில்மர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். அவர்கள் கேட்ட காலடியோசைக்கும் கண்ட உருவங்களுக்கும் பழுதுற்ற வெப்பவுலையிலிருந்து கசிந்த காபனோரொட்சைட்டு வாயுவே காரணமாயிருந்தது. 1998இல் விக் டான்டி என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வொலி அச்சத்தையும் தோற்றமயக்கத்தையும் உண்டாக்கலாம் என எழுதினார். பின்னைய ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை. உறக்கத்தில் உடல் அசையாது மார்பு அமுங்குவதை எம்மவர் அமுக்குவான் பேய் என்பர். மருத்துவர் அதனை உறக்கவாதம் என்பர். இவ்விடங்களிற் கண்டவர் பொய்யரல்லர். அவர் அனுபவம் மெய். அதற்குக் கூறிய காரணமே பிழை.

ஆகவே பேய்வீடு பற்றிய உண்மையை நிறுத்துப் பார்க்கையில் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும்: நிகழ்ந்தது யாது, கண்டவர் உணர்ந்தது யாது, பின்வந்தோர் அதனோடு சேர்த்தது யாது. போர்லியில் மூன்றாவது ஏனைய இரண்டையும் விழுங்கிவிட்டது. கோவூரின் குறிப்புகள் முற்றாக நிறுவப்படாதவை. ஆயினும் ஆவியைத் துணைக்கழைக்கும் விளக்கத்தினும் அவை ஏற்புடையவை. நிறுவும் பொறுப்பு அற்புதத்தைக் கூறுவோரையே சாரும்.

இவ்வாய்வு வெறும் பொழுதுபோக்கன்று. பேய் பிடித்ததெனப் பிரம்படி பெறுபவள் பெரும்பாலும் வீட்டில் மிக எளியவளே. நோயுற்றவருக்கு மருந்து கிடையாது போவதும் இந்நம்பிக்கையாலேயே. பேய் உண்டா என்னும் வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர், அவ்வீட்டில் அழுபவர் யார் என்று வினவுதல் வேண்டும். கோவூர் அதனை வினவினார், பிறைஸ் வினவினாரல்லர்.