ஒழுகும் தளமும் ஒன்றாம் புத்தகமும்

சென்னைப் பட்டணத்தில் முத்தியாலுப்பேட்டை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாடவீதிகள் ஆகிய இடங்களிலுள்ள பழைய வீடுகளின் மேல்தளம், தேக்குச் சட்டங்களின் மீது செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டுக் கெட்டித்த ‘மெட்ராஸ் டெரஸ்’ வகையைச் சேர்ந்தது. அவ்வப்போது விரிசலை அடைத்துவந்தால் தலைமுறைகளைத் தாங்கும் அத்தளம், கவனிப்பாரற்றுப் போனாலோ, சுவரில் பதிந்த சட்டமுனை உளுத்து ஐப்பசி அடைமழையில் ஒழுகத் தொடங்கும். ஒரே கிணற்றையும் ஒரே குழாயையும் நம்பி, முன்கட்டிலும் பின்கட்டிலும் ஐந்தாறு குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்திய காலத்தில், அம்மழையோடு கூடவே ஒரு விசாரமும் வந்து சேர்ந்தது: தளத்தைச் செப்பனிட வேண்டிய சொந்தக்காரர் உண்மையில் யார்? மாதந்தோறும் வாடகை வாங்கிப்போனவர் காரியஸ்தராகவோ, காலமானவரின் மருமகனாகவோ, அடமானம் பிடித்தவராகவோ இருந்தது அபூர்வமன்று.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், வீட்டுக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுவேலையை அறிவிப்புக்குப் பின்னும் செய்யாவிடில், குடித்தனக்காரரே அதைச் செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று தாராளமாகவே சொல்லிற்று. ஆனால் ‘கடமைப்பட்ட’ என்னும் அச்சொல்லுக்கு ஆதாரமாக ஓர் உடன்படிக்கை வேண்டும். பட்டணத்துக் குடித்தனங்களிற் பெரும்பாலானவையோ வாய்ப்பேச்சில் அமைந்தவை. மேலும், மாதக் குடித்தனத்தை 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம் என்று அதே சட்டம் வீட்டுக்காரருக்கு இடங்கொடுத்திருந்தபடியால், ஒழுக்கைப் பற்றி வாய்திறந்தவர் மறுமாதமே வேறு வீடு தேட நேர்ந்தது.

இந்நிலையை மாற்றியது யுத்தம். 1941-இல் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டுவீசுவர் என்ற பீதியால் ஜனங்கள் ஊரைக் காலிசெய்து ஓட, வீடுகள் கேட்பாரற்றுக் கிடந்த விசித்திரமும் நடந்தது. ஓடியவர்கள் திரும்பியபோது அவர்களோடு புதியவர்களும் வந்து குவிந்தார்கள். 1946-இல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே இயற்றியது. அது 1949-இலும் 1960-இலும் புதுப்பிக்கப்பட்டது.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஒழுகும் தளத்துக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கும். வீட்டுக்காரர் பழுதுபார்க்காவிடில், ரெண்ட் கண்ட்ரோலரின் அனுமதி பெற்றுக் குடித்தனக்காரர் பழுதுபார்க்கலாம். ஆனால் அந்தச் செலவு ஓர் ஆண்டில் அவ்வாண்டு வாடகையின் பன்னிரண்டில் ஒரு பங்கை, அதாவது ஒரு மாத வாடகையை, மீறலாகாது. கட்டுப்பாட்டினால் உறைந்துகிடந்த வாடகையில் ஒரு மாதத் தொகை, ஒரு தேக்குச் சட்டத்தை மாற்றிச் சாந்து பூசவும் காணாது. இதைவிடக் கசப்பான விஷயம் 14-ஆம் பிரிவில் இருந்தது. கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டுமென்று வீட்டுக்காரர் மனுச்செய்து, அவர் எண்ணம் மெய்யானதென்று கண்ட்ரோலருக்குத் திருப்தி ஏற்பட்டால், குடித்தனத்தைக் காலிசெய்ய உத்தரவு பெறலாம். கட்டடத்தின் வயதும் நிலைமையும் அம்மனுவுக்குத் துணைநிற்கும். அதாவது, பல ஆண்டுகள் தளத்தை ஒழுகவிட்டவருக்கு அந்த ஒழுக்கே சாட்சியாயிற்று. குறைந்த வாடகையில் எந்த வீட்டுக்காரரும் தளம் போடமாட்டார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் அலட்சியத்துக்கு இவ்வளவு பெரிய வெகுமதியைச் சட்டம் வைத்திருந்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

வாடகையை வாங்க மறுத்து, பிறகு பாக்கி என்று வழக்காடும் தந்திரத்துக்கும் இச்சட்டம் மாற்று வைத்திருந்தது: மணியார்டரில், அதன் கமிஷனைக் கழித்துக்கொண்டு அனுப்பலாம், அதுவும் திரும்பினால் கண்ட்ரோலரிடம் கட்டலாம். வீட்டுக்காரரின் விலாசமே தெரியாதபோதும், வாடகைக்கு உரியவர் யாரென்ற நியாயமான சந்தேகம் எழுந்தபோதும் அவ்வாறே கட்டலாம். இந்தக் கடைசி ஷரத்துத்தான் குடித்தனக்காரரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தது.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம். ஓர் அட்டவணை ஆட்களின் பெயர்வரிசைப்படியும் மற்றொன்று சொத்தின்படியும் அமைந்தவை. கடன் கொடுப்பவரும் கிரயம் வாங்குபவரும் ஏமாறக்கூடாதென்று ஏற்பட்ட அந்த ஏற்பாட்டில், வாடகைக்கு இருப்பவர் அழையா விருந்தாளியாகவே நுழைந்தார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரிடம் தெருப்பெயரையும் கதவிலக்கத்தையும் சொல்லி, ஆண்டுக்கு இவ்வளவென்று தேடுகூலி கட்டி, வில்லங்கச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கிரயமும் அடமானமும் வரிசையாகத் தெரியவரும். மரணம் மட்டும் அதில் தெரியாது. உயில்களோ மூன்றாம் புத்தகத்தில் மூடிக்கிடப்பவை. வாய்மொழிப் பாகப்பிரிவினை எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆகவே பழைய வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகள் மூவரும் தனித்தனியே வாடகை கேட்கும் சமயத்தில், சான்றிதழ் இறந்தவரின் பெயரையே பிடிவாதமாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

கண்டறிந்ததை வெளியில் சொல்வதிலும் ஆபத்து உண்டு. குடித்தனம் தொடங்கியபோது வீட்டுக்காரருக்குப் பாத்தியதை இல்லையென்று, குடித்தனம் நீடிக்கும்வரை வாடகைதாரர் சொல்லலாகாது என்றது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு. நல்லெண்ணமின்றி அவ்வாறு மறுத்துரைப்பதையே காலிசெய்ய ஒரு காரணமாக்கியது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வாடகைக்கு விட்டவர் மறைந்தபின், வாரிசென்று வருபவரிடம் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்க நீதிமன்றங்கள் இடங்கொடுத்தன. சான்றிதழ் வாங்கி வைத்திருந்தவர்களுள் கெட்டிக்காரர், அதைக் காட்டி யாரையும் மறுக்காமல், சந்தேகம் என்றுமட்டும் மனுவில் எழுதி வாடகையைக் கண்ட்ரோலரிடம் கட்டிவிட்டுத் தம் பாட்டில் இருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவதையும் கட்டாயமாக்கிப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டது. வில்லங்க விவரத்தை இப்போது வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்க்கலாம். ஆனால் உயிலைப் பற்றியும் பாகத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளக் குடித்தனக்காரர் இன்னமும் எதிர்வீட்டுப் பெரியவரைத்தான் விசாரிக்கிறார்.